வெந்நீர் அடுப்பில் போன சான்று

“அந்தக் காலத்தில் ஏதும்மா இதெல்லாம்?”

கேட்டவர் நான் ஆசானாக மதிக்கும் ஒரு விமர்சகர். இடம், இருபது நாற்காலி போட்ட ஒரு வாசகர் கூட்டம். எம்மா டொனஹியூவின் ‘லேர்ன்ட் பை ஹார்ட்’ நாவலைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு உட்கார்ந்திருந்தேன். 2023இல் வந்த நாவல். 1805இல் இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பள்ளி ஒன்றில் பரண் அறையில் ஒன்றாகத் தங்கவைக்கப்பட்ட இரண்டு மாணவிகள், அவர்களுக்குள் வளர்ந்த நேசம், பிற்பாடு ஒருத்திக்கு நேர்ந்த கதி என்று போகிறது. பெரியவருக்குக் கோபமெல்லாம் இல்லை. பேத்திக்குக் கணக்குச் சொல்லித் தருவது போலப் பொறுமையாகத்தான் பேசினார். இன்றைய ஆசையைப் பழைய பாவாடைக்குள் திணித்து எழுதுகிறார்கள். படிக்கிறவர்கள் அதில் தங்கள் முகத்தைப் பார்த்துப் பூரித்துப்போகிறார்கள். இதற்கு வரலாற்று நாவல் என்று பெயர் வேறு. கூட்டம் தலையாட்டியது. எனக்கு மைக் முன்னால் வாய் எழும்பாது. ஏதோ உளறிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் ஒருவருடைய கருத்து என்றால் விட்டுவிடலாம். இங்கே நன்றாகப் படித்தவர்கள், தன்பாலீர்ப்பைக் குற்றம் என்று சொல்லக் கூசுகிறவர்கள்கூட, இந்த நாவல்கள் என்றால் இதையேதான் சொல்கிறார்கள். ஆகவே இந்தப் பதில் பெரியவருக்கு மட்டுமல்ல.

அந்த இரண்டு மாணவிகளையும் டொனஹியூ கற்பனையில் பெற்றெடுக்கவில்லை. ஒருத்தி ஆன் லிஸ்டர். யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் ஷிப்டன் ஹால் என்ற பண்ணை மாளிகைக்குப் பின்னாளில் சொந்தக்காரி ஆனவர். இன்னொருத்தி எலைசா ரெயின். நம் ஊர்க்காரி. 1791இல் மதராஸில் பிறந்தவள். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர், அம்மா இந்தியப் பெண். சிறு வயதிலேயே அக்காவோடு கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டாள். அப்பா இறந்தபோது அவள் பெயரில் 4,000 பவுண்டு இருந்தது, நிறமும் இருந்தது. அந்தப் பள்ளியில் இரண்டையும் யாரும் மறக்கவில்லை என்று ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை.

லிஸ்டர் ஒரு நாட்குறிப்பு எழுதினார். ஏறத்தாழ 50 லட்சம் சொற்கள். ஆறில் ஒரு பங்கு, கிரேக்க எழுத்தும் கணிதக் குறிகளும் கலந்து அவரே கட்டிக்கொண்ட ரகசிய எழுத்தில் இருக்கிறது. பெண்களோடான தன் காதல்கள் அனைத்தையும் அந்த எழுத்தில்தான் பூட்டிவைத்தார். 1890களில் அவர் குடும்பத்து வாரிசான ஜான் லிஸ்டரும் அவருடைய நண்பர் ஆர்தர் பரெல் என்ற பள்ளி ஆசிரியரும் உட்கார்ந்து அந்தக் குறியீட்டை உடைத்தார்கள். உள்ளே இருந்ததைப் படித்ததும் பரெல் சொன்ன யோசனை: கொளுத்திவிடுங்கள். ஜான் லிஸ்டருக்கு மனம் வரவில்லை. கொளுத்தாமல், வெளியிடவும் செய்யாமல், ஷிப்டன் ஹாலின் சுவர்ப் பலகைக்குப் பின்னால் திரும்ப ஒளித்துவைத்தார். அந்தப் பக்கங்கள் அச்சில் வர 1988 ஆயிற்று. ஹெலனா விட்பிரெட் என்ற ஹாலிஃபாக்ஸ் பெண்மணி வருடக்கணக்கில் எழுத்துக்கூட்டிப் படித்துத் தொகுத்தார். அப்போதும், இது யாரோ புனைந்த மோசடியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. இன்று அது யுனெஸ்கோவின் பிரிட்டன் நினைவுப் பதிவேட்டில் இருக்கிறது.

ஒரு மனிதரின் மனம் சற்று வேறு பக்கம் சாய்ந்திருந்தால் அந்த 50 லட்சம் சொல்லும் ஒரு சாயங்காலத்தில் சாம்பலாகியிருக்கும். நாமும் இன்று நிம்மதியாக, அந்தக் காலத்தில் ஏது இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

இந்த மறைப்பு தனிமனிதர்களின் கூச்சத்தோடு நிற்கவும் இல்லை. 1921இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவை, பெண்களுக்கிடையிலான உறவையும் குற்றமாக்கும் ஒரு பிரிவைச் சட்ட மசோதாவில் சேர்த்து நிறைவேற்றியது. பிரபுக்கள் அவை அதைத் தள்ளிவிட்டது. இரக்கத்தால் அல்ல. ஆயிரம் பெண்களில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் கேள்விப்பட்டே இராத ஒன்றைச் சட்டம் போட்டு நாமே ஏன் ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்று அவையிலேயே வெளிப்படையாகப் பேசினார்கள். பேசாமல் விட்டால் இல்லாமலே போகும் என்பது கணக்கு. ஆண்களின் தன்பாலுறவு வரலாறு பெரும்பாலும் போலீஸ் ஏட்டிலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் கிடக்கிறது. தண்டித்தார்கள், ஆகவே எழுதிவைத்தார்கள். பெண்களைப் பெயர் சொல்லித் தண்டிப்பதற்குக்கூட அவர்களுக்கு மனமில்லை. அந்த மௌனத்தை எடுத்துவந்து, பார், ஆவணம் இல்லை, ஆகவே ஆளும் இல்லை என்றால், வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கிணற்றில் போட்டவனே வாசலில் நின்று ‘உள்ளே யாரும் இல்லை’ என்பது போலத்தான்.

சரி, நேசம் இருந்திருக்கலாம், ‘லெஸ்பியன்’ என்ற அடையாளம் இல்லையே என்பார்கள். இது கொஞ்சம் நுட்பமான வாதம், பாதி உண்மையும்கூட. டொனஹியூ நாவலாசிரியர் ஆவதற்கு முன்பே ஆய்வாளர். 1993இல் அவர் வெளியிட்ட ஆய்வு நூல் 1668 முதல் 1801 வரையிலான பிரிட்டிஷ் அச்சுப் பிரதிகளைத் தோண்டிப் பார்த்தது. அந்தச் சொல்லே 1730களில் வில்லியம் கிங் என்பவரின் அங்கதக் கவிதையில், இன்றைய பொருளுக்கு மிக நெருக்கமாக வந்திருக்கிறது. அகராதிக்காரர்கள்தான் தாமதம். நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: 1805இல் ஒரு பள்ளி மாணவி அந்தச் சொல்லைச் சட்டைப் பொத்தானில் குத்திக்கொண்டு திரிந்திருக்க மாட்டாள். நல்ல நாவலாசிரியர் அதைப் பாத்திரத்தின் வாயில் வைப்பதும் இல்லை. ஆனால் சொல்லைப் பற்றி இவ்வளவு கறார் காட்டுகிறவர்கள் எப்போதும் ஒரே திசையில்தான் கறாராக இருக்கிறார்கள். லிஸ்டரும் ஆன் வாக்கர் என்ற பெண்ணும் 1834 ஈஸ்டர் அன்று யார்க்கின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஒன்றாக நற்கருணை பெற்று, அதையே தங்கள் திருமணமாகக் கொண்டார்கள். 2018இல் அங்கே நினைவுப் பலகை வைத்தார்கள். இவ்வளவு ஆவணம் கையில் இருந்தும் அதில் ‘லெஸ்பியன்’ என்ற சொல் இல்லை! ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்ட பிறகு மறுவருடம் பலகை மாறியது.

இந்தக் கறாரை நம் வீட்டு அலமாரியில் வைத்துப் பார்ப்போம். குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. அவர்களுடைய காதலைப் பற்றி அந்தக் கல் ஒரு வார்த்தை சொல்லுமா? கல்கி ஐந்து பாகம் சொன்னார். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று உடையார்குடிக் கல்வெட்டில் சில பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் நந்தினி இல்லை. கல்கி அவளை உண்டாக்கினார், தமிழ்நாடு எழுபது வருடமாக அவளோடு வாழ்கிறது. ராஜேந்திரனின் தாய்க்குக் கல்வெட்டில் வானவன் மாதேவி என்ற பெயர் உண்டு. தொட்டதற்கெல்லாம் மயங்கி விழுகிற அந்தக் கொடும்பாளூர்ப் பெண் வானதி, கல்கியின் கைவண்ணம். பெரியவரின் மகள் பெயரும் வானதி. நான் குறை சொல்லவில்லை, அழகான பெயர். ஆணும் பெண்ணும் காதலித்தார்கள் என்று எழுத ஒரு பெயர் போதும், அதுவும் இல்லாவிட்டால் பரவாயில்லை. பெண்ணும் பெண்ணும் என்றால் 50 லட்சம் சொல் இருந்தும் இன்னொரு சாட்சி வேண்டும்.

அடுத்தது, மேற்கத்தியச் சரக்கு என்பது. இதற்கு நான் சொல்லக்கூடிய சிறந்த பதில் எடின்பரோவில் இருக்கிறது. 1810இல் அங்கே மரியான் வுட்ஸ், ஜேன் பிரி என்ற இரண்டு ஆசிரியைகள் நடத்திய பெண்கள் பள்ளி இரண்டே நாளில் காலியாயிற்று. ஜேன் கமிங் என்ற மாணவி, அவ்விருவரும் தகாத உறவில் இருப்பதாகத் தன் பாட்டியிடம் சொல்ல, பாட்டி மற்றப் பெற்றோருக்குச் சொல்ல, எல்லாரும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆசிரியைகள் அவதூறு வழக்குப் போட்டார்கள். வழக்கு 1819இல் பிரபுக்கள் அவைவரை போய் அவர்கள் பக்கம் தீர்ந்தது. அந்த ஜேன் கமிங், ஸ்காட்டிஷ் தகப்பனுக்கும் இந்தியத் தாய்க்கும் இந்தியாவில் பிறந்தவள். நீதிபதிகள் சிலரின் வாதம் எப்படிப் போனது தெரியுமா? பிரிட்டிஷ் பெண்களுக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரிய வழியில்லை. இந்தப் பெண் இந்தியாவில் வேலைக்காரிகளிடமிருந்து கேட்டறிந்திருக்க வேண்டும். அதாவது இது கிழக்கத்தியச் சரக்கு! 1934இல் லில்லியன் ஹெல்மன் இந்த வழக்கைத் தழுவி நாடகம் எழுதியபோது பள்ளியை அமெரிக்காவுக்கு மாற்றினார். இந்தியப் பெண் கதையைவிட்டே காணாமல் போனாள்.

அங்கே கேட்டால் நம்மிடமிருந்து போனதாம், இங்கே கேட்டால் அவர்களிடமிருந்து வந்ததாம். இருநூறு வருடமாக இந்தப் பெண்கள் நடுக்கடலில் கப்பலிலேயே இருக்கிறார்கள் போலிருக்கிறது.

சமீபத்திய சந்தை மோகம் என்பதற்கு அதிக நேரம் செலவழிக்க விருப்பமில்லை. சில்வியா டவுன்சென்ட் வார்னர் ‘சம்மர் வில் ஷோ’ எழுதியது 1936இல். 1848 புரட்சி நடக்கும் பாரிஸுக்குக் கணவனைத் தேடிப் போகும் ஓர் ஆங்கிலச் சீமாட்டி, கணவனின் ஆசைநாயகியிடமே மனதைப் பறிகொடுக்கிறாள். அப்போது எந்தச் சந்தை அதைக் கேட்டது? அல்மா ரவுட்ஸாங் என்ற அமெரிக்கர், 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வாழ்ந்த மேரி ஆன் வில்சன் என்ற ஓவியரையும் அவருடைய தோழியையும் பற்றி அருங்காட்சியகத்தில் ஒரு சிறு குறிப்பைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு நாவல் எழுதி, 1969இல் கைக்காசைப் போட்டு ஆயிரம் பிரதி அச்சடித்து, தானே கொண்டுபோய் விற்றார். சந்தை வந்தது அப்புறம்.

பெரியவரின் கடைசி வாதத்துக்கு வருகிறேன். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. முகம் பார்த்துக்கொள்வது. வரலாற்று நாவல் நம்மை நமக்கு அந்நியமாகக் காட்ட வேண்டும், அதில் போய்ச் சொந்தம் கொண்டாடுவது சோம்பேறி வாசிப்பு என்கிறார்.

சோம்பேறி நாவல்கள் உண்டு, மறுக்கவில்லை. விக்டோரியா காலத்து நாயகி ஒரு பயமும் இல்லாமல், வாடகைக்கு என்ன செய்வது என்ற கவலையும் இல்லாமல், இன்றைய சமூக ஊடகப் பதிவு போலப் பேசிக்கொண்டே இரண்டாம் அத்தியாயத்தில் முத்தமிடுவாள். அவற்றை நானும் பாதியில் வைத்திருக்கிறேன். அதே சோம்பல், சோழர் காலத்தில் குதிரையில் வரும் நம் ஆண் நாயகர்களிடமும் கொட்டிக் கிடக்கிறது. சோம்பல் எழுத்தாளருடையது, விஷயத்தின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

சாரா வாட்டர்ஸின் ‘அஃபினிட்டி’யை எடுத்துக்கொள்வோம். வாட்டர்ஸ் தன்பாலீர்ப்பு வரலாற்றுப் புனைவுகளைப் பற்றியே முனைவர் பட்டம் செய்துவிட்டு நாவலுக்கு வந்தவர்; முகம் பார்க்கும் ஆசை எப்படிப்பட்டது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1999இல் வந்த இந்த நாவலில், 1870களின் லண்டனில், மில்பாங்க் சிறைக்குக் கைதிகளைப் பார்க்கப் போகிறாள் மார்கரெட் என்ற பணக்காரப் பெண். அங்கே ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் செலீனாவைச் சந்திக்கிறாள். மார்கரெட்டின் தனிமை, அவள் எழுதும் நாட்குறிப்பு, அம்மா எண்ணிக் கொடுக்கும் மருந்து, எல்லாவற்றிலும் நான் என்னைக் கண்டேன். பெரியவர் சொன்ன அதே பூரிப்பு. (முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்க நினைப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிக்கொள்ளுங்கள்.)

செலீனா அவளை ஏமாற்றுகிறாள். செலீனாவின் காதலி, மார்கரெட்டின் வீட்டிலேயே நிலக்கரி கொண்டுவந்து போட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்து நடமாடிக்கொண்டிருந்த வேலைக்காரி. நாவல் முழுக்க அவள் கண்ணெதிரே இருக்கிறாள். மார்கரெட் அவளைக் கவனிக்கவே இல்லை. நானும் கவனிக்கவில்லை. என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்த மும்முரத்தில், அறைக்குள் வந்துபோன இன்னொரு பெண்ணுக்கும் ஒரு மனம் இருக்கும், ஒரு காதல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் பதினோரு வருடம் பாத்திரம் தேய்த்த அம்மாளைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அன்று இரவு யோசித்தேன். வெற்றிலை போடுவார் என்று தெரியும். முகம் பார்க்கப் போனவளை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது அந்தச் சொந்தம்தான். மார்கரெட்டோடு நான் ஒட்டாமல், அறிவோடு தள்ளி நின்று படித்திருந்தால், திருப்பம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்பேன்.

சொந்தம் என்பது ஒரே ஊர், ஒரே உடை, ஒரே முகம் என்று அர்த்தமில்லை. வாட்டர்ஸின் ‘ஃபிங்கர்ஸ்மித்’தை கொரியாவின் பார்க் சான்-வூக் 2016இல் ‘தி ஹேண்ட்மெய்டன்’ என்று படமாக்கினார். விக்டோரியா காலத்து லண்டன் திருடர்கள், 1930களில் ஜப்பானின் பிடியில் இருந்த கொரியாவுக்குப் போய்விட்டார்கள். முகம் பொருந்தியதாலா போனார்கள்? எஜமானியும் பணிப்பெண்ணும் யாரை யார் விற்கிறார்கள் என்ற கேள்வி அங்கே இன்னும் காரமாகப் பொருந்தியது.

எனக்கு எலைசாவிடம் பொருந்தியது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதராஸ் இல்லை. அது ஒரு சின்ன சந்தோஷம், அவ்வளவுதான்.

1980களில் கல்லூரி இறுதியாண்டில் விடுதியில் எனக்கு ஓர் அறைத் தோழி இருந்தாள். அது என்ன என்று எங்கள் இருவருக்குமே பெயர் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம். படிப்பு முடிந்து இரண்டு வருடம் கடிதம் போட்டுக்கொண்டோம், நீல இன்லேண்ட் கடிதங்கள், மடிப்பு ஓரம்வரை நெருக்கி எழுதி. எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால், விடியற்காலை எல்லாருக்கும் குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் சாக்கில் கொல்லைப்புறம் போய், ஹார்லிக்ஸ் பாட்டிலில் சுருட்டி வைத்திருந்த அத்தனையையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். யாரும் கொளுத்தச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. பரெல் இல்லாமலே நான் பரெல் ஆனேன். அன்று அந்தத் தண்ணீரில்தான் அப்பா குளித்தார். அவளும் என் கடிதங்களை அப்படித்தான் ஏதோ செய்திருப்பாள்.

நாளைக்கு யாராவது எங்கள் இருவரைப் பற்றி ஒரு நாவல் எழுதினால், இரண்டு குடும்பத்துக் கல்யாண ஆல்பத்தையும் காட்டி, அந்தக் காலத்தில் ஏதும்மா இதெல்லாம் என்று கேட்க ஒரு பெரியவர் இருப்பார். ஆவணப்படி அவர் சொல்வதே சரியாக இருக்கும். சான்று எங்கே என்றால், சாம்பல் பல் தேய்க்கப் போய்விட்டது, ஐயா.

இந்த நாவல்கள் அந்த அடுப்படியிலிருந்து ஆரம்பிக்கின்றன. கிடைத்ததை வைத்துக்கொண்டு, கிடைக்காமல் செய்யப்பட்டதை ஊகிக்கின்றன. ஊகம் தவறாகவும் போகலாம். ஆனால் எரிந்ததன் வாசம் தெரிந்த ஒருத்தி படிக்கும்போது அது அழகு பார்க்கும் கண்ணாடியாக இருப்பதில்லை, பல நேரம் வழக்குமன்றமாக இருக்கிறது.

எலைசாவின் கதையில் ஆன் லிஸ்டர் எனக்கு இனிக்கவில்லை. அவரைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் வந்த பிறகு அவர் உலகெங்கும் நாயகி. தொப்பியும் கைத்தடியுமாக ஷிப்டன் ஹாலுக்கு யாத்திரை போகிறார்கள். போகட்டும். அவர் நிலக்கரிச் சுரங்கம் நடத்தியவர், குத்தகைக்காரர்களின் ஓட்டுகள் தன் கட்சிக்கே விழ வேண்டும் என்று நெருக்கியவர், எலைசாவுக்கு மோதிரம் கொடுத்து வாழ்நாள் முழுக்கச் சேர்ந்திருப்போம் என்று சொல்லிவிட்டு வேறு பெண்களிடம் போனவர். நாவல் இதை மூடிமறைக்கவில்லை. டொனஹியூ கதையை எலைசாவின் கையில் கொடுத்து, 1815இல் மனநோயாளர் காப்பகத்திலிருந்து லிஸ்டருக்கு அவள் எழுதும் கடிதங்களாகவும் ஆக்கியிருக்கிறார். கோபமும் கெஞ்சலும் மாறி மாறி வரும் கடிதங்கள். அவற்றைப் படிக்கும்போது, கடிதத்தை எரித்த நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே குழம்பியது. லிஸ்டரின் பக்கமாகவும் இருக்கலாம்.

லிஸ்டரின் நாட்குறிப்பு 1806 ஆகஸ்டில் தொடங்குகிறது. முதல் பதிவு, எலைசா தங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போனதைச் சொல்கிறது. அப்படிக் கிளம்பியவள் அதிக தூரம் போகவில்லை. 1814இல் புத்தி பேதலித்தவள் என்று யார்க்கில் ஒரு மருத்துவரின் காப்பகத்தில் சேர்க்கப்பட்டாள். அந்த மருத்துவர், எலைசாவுக்குப் பிறகு லிஸ்டர் பல ஆண்டு காதலித்த மரியானாவின் தகப்பனார். லிஸ்டர் ஐரோப்பாவெல்லாம் சுற்றி, மலையேறி, 1840இல் ஜார்ஜியாவின் குடாய்ஸியில் காய்ச்சலில் இறந்தார். எலைசா அதற்குப் பின்னும் இருபது வருடம் இருந்தாள், பள்ளிக்கூடம் இருந்த அதே ஊர்ப் பக்கத்தில், 1860வரை.